திங்கட்கிழமையை எங்கே வைப்பது? கார்ப் பித்தர்களின் முதல் ஜெர்மனிப் பயணம்

ஜெர்மனிக்குக் கார் பார்க்கவும் கார் ஓட்டவும் கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். முனிக்கில் பிஎம்டபிள்யூ, ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸும் போர்ஷேவும், இங்கோல்ஷ்டாட்டில் ஆவ்டி, வொல்ஃப்ஸ்பர்கில் ஃபோக்ஸ்வாகன், மேற்கே நூர்புர்க்ரிங் பந்தயப் பாதை. எல்லாவற்றையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் பத்து நாளில் முடியும் போலத்தான் தெரியும். விரிக்க வேண்டியது நாட்காட்டி. மெர்சிடிஸ் அருங்காட்சியகம், போர்ஷே அருங்காட்சியகம், பிஎம்டபிள்யூ அருங்காட்சியகம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை சாலையில் அனுமதி இல்லை. நூர்புர்க்ரிங்கின் பழைய வளையம் பொதுமக்களுக்கு என்றைக்குத் திறக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். இந்த மூன்று விஷயங்களையும் தாளில் எழுதிவிட்டுத்தான் விமானச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் பயணத்துக்குத் தென்மேற்கு மூலை போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிராங்க்பர்ட்டில் இறங்கி, ஸ்டுட்கார்ட், கருங்காடு, ஹைடல்பெர்க் வட்டாரம், நூர்புர்க்ரிங் இருக்கும் அய்ஃபல் மலை என்று சுற்றிப் பிராங்க்பர்ட்டிலேயே விமானம் ஏறலாம். முனிக்கை ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாம். வொல்ஃப்ஸ்பர்கை இந்த முறை விட்டுவிடுங்கள். அங்கே ஃபோக்ஸ்வாகனின் ஆட்டோஷ்டாட் வளாகமும் அதன் இரண்டு கண்ணாடிக் கார்க் கோபுரங்களும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அது வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும்.

இன்னொரு முடிவு வாடகைக் கார் பற்றியது. இறங்கிய அன்றே எடுக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட், முனிக் அருங்காட்சியகங்களின் வாசல் வரை ரயில் போகிறது. நகரத்துக்குள் கார் வைத்திருந்தால் நிறுத்தக் கட்டணம் கட்டியே பணம் கரையும். இரவு முழுக்க விமானத்தில் விழித்திருந்த உடம்போடு, பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டுவது ஆபத்தும்கூட. பயணத்தின் முதல் பாதி ரயிலுக்கு, இரண்டாம் பாதி காருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமான பரிசீலனை 15 நாள், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். கோடைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்தில் அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விடுதி முன்பதிவும் அன்றாடத் திட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுதான் பலரும் செய்யும் தவறு. திட்டத்தில் நூர்புர்க் என்று எழுதிவிட்டு அந்த இரவுக்கு ஸ்டுட்கார்ட் விடுதிச் சீட்டு வைத்தால் கேள்வி வரும்.

ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் கையில் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வழங்கப்பட்ட பெரும்பாலான உரிமங்களுக்கு ஜெர்மனியில் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். இந்த அனுமதி அந்த வேலையைச் செய்யும். இந்தியாவில் உங்கள் ஆர்டிஓவில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லுபடி. இலங்கையில் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. இது தனியாகச் செல்லாது. அசல் உரிம அட்டையும் கூடவே இருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் டிஜிட்டல் உரிமத்தை வாடகைக் கார் கவுண்டரில் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

கவுண்டரில் அடுத்த சிக்கல் கார்டு. வாடகையை முன்கூட்டியே கட்டியிருந்தாலும், காரை எடுக்கும்போது ஒரு வைப்புத் தொகையை உங்கள் கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள். கார்டில் இருக்கும் பெயரும் முதன்மை ஓட்டுநரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் பயண ஃபாரக்ஸ் கார்டையும் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். பணம் கட்டிய பிறகும் கார் கிடைக்காமல் திரும்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ரயில் நாட்கள்

மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு எஸ்1 புறநகர் ரயிலில் நெக்கார்பார்க் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். 2006-இல் திறந்த கட்டடம்; ஒன்பது தளங்கள், சுமார் 160 வண்டிகள். லிஃப்டில் நேரே உச்சிக்குப் போய், இரட்டைச் சுருளாகப் பின்னிய சரிவுப் பாதைகளில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு சுருள் காலவரிசைப்படி போகும். இன்னொன்றில் பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் என வகைவாரியாக வண்டிகள் நிற்கும். முதல் தளத்திலேயே ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு, கீழே வெள்ளி அம்புகள் என்று பெயர் வாங்கிய பந்தயக் கார்கள் சாய்தளத்தில் அணிவகுத்து நிற்கும் இடத்துக்கு வரும்போது கால் ஓய்ந்துவிடுகிறது பலருக்கு. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதி நேரத்தைக் கீழ்த்தளங்களுக்கு மிச்சம் வையுங்கள்.

அதே நாளில் பாட் கான்ஷ்டாட்டில் இருக்கும் டைம்லர் நினைவகத்தையும் பார்த்துவிடலாம். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் வேகமாகச் சுழலும் சிறிய பெட்ரோல் எஞ்சினை உருவாக்கிய தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகை அது. சிறிய கட்டடம்தான். இவ்வளவு சின்ன இடத்திலா என்று நிற்க வைக்கும்.

போர்ஷே அருங்காட்சியகத்துக்கு எஸ்6 ரயில். நிலையத்தின் பெயரே நொய்விர்ட்ஸ்ஹவுஸ் போர்ஷேபிளாட்ஸ். படியேறி வந்தால் மூன்று தூண்கள் மேல் தூக்கி நிறுத்திய வெள்ளைக் கட்டடம் எதிரே நிற்கும். மெர்சிடிஸைவிடச் சிறியது, 80 கார்கள் அளவில். ஆனால் கார்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இங்குள்ள கார்கள் ஓடும் நிலையில் இருப்பவை. பந்தயங்களுக்கும் விழாக்களுக்கும் போய் வருபவை. எனவே இணையத்தில் பார்த்த குறிப்பிட்ட ஒரு 917 பந்தயக் கார் அன்றைக்கு அங்கே இருக்கும் என்று உறுதியில்லை. கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பட்டறை இருக்கிறது. வார நாளில் போனால் மெக்கானிக்குகள் பழைய எஞ்சினைப் பிரித்து வேலை செய்வதைப் பார்க்கலாம். இதற்காகவே சனிக்கிழமையைவிட வார நாள் மேல். ஒரு அருங்காட்சியகத்தின் சீட்டைக் காட்டினால் மற்றதில் தள்ளுபடி உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தொழிற்சாலைச் சுற்றுலா வேறு கணக்கு. போர்ஷே 911 உருவாகும் சுஃபன்ஹௌசன் ஆலை ஆனாலும், முனிக்கில் பிஎம்டபிள்யூவின் தாய் ஆலை ஆனாலும், முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆங்கிலச் சுற்றுகள் குறைவு. மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். உற்பத்தி நடக்கும் வார நாட்களில்தான் நடத்துவார்கள். கோடையில் ஆலை மூடும் வாரங்களில் இல்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. விசா கிடைத்ததும் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதுதான், விடுதிகூட அப்புறம்.

முனிக்கில் யூ3 மெட்ரோவில் ஒலிம்பியாட்சென்ட்ரும் நிலையம். நான்கு சிலிண்டர் வடிவக் கோபுரம், அதன் காலடியில் 1973-இல் திறந்த கிண்ணம் போன்ற அருங்காட்சியகம், சாலைக்கு மறுபுறம் பிஎம்டபிள்யூ வெல்ட். வெல்ட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. புதுக் கார் வாங்குகிறவர்களுக்குச் சாவி கொடுக்கும் மேடையை மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சீட்டை வாரக்கணக்கில் முன்பே வாங்கினால் விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

காசில்லாமல் பார்க்கும் இடங்களில் போப்லிங்கனின் மோட்டார்வேர்ல்டுக்கு முதலிடம். பழைய விமான நிலையத்தில் அமைந்த வளாகம். பணக்காரர்கள் தங்கள் கார்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் மாடி மாடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நெக்கார்பார்க்குக்குப் போன அதே எஸ்1 ரயிலே போப்லிங்கனுக்கும் போகிறது. பிராங்க்பர்ட்டில் இதே போன்ற இடம் கிளாசிக்ஷ்டாட், செங்கல்லால் கட்டிய பழைய ஆலைக் கட்டடத்தில்.

காரை எடுப்பது

வாடகைக் கார் நிறுவனங்களின் நகரத்துக் கிளைகள் சனி மதியம் மூடி, ஞாயிறு திறப்பதில்லை. சனி மாலை ஸ்டுட்கார்ட் விமான நிலையக் கிளையில் எடுங்கள். கியர் வண்டிதான் அங்கே இயல்பு; ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவிலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கியர் மாற்றும் சுகத்துக்காகவே கார் ஓட்டுகிறவர்களிடமும் இந்த முதல் பயணத்துக்கு ஆட்டோமேட்டிக்கே எடுக்கச் சொல்வோம். இடது ஸ்டியரிங், வலது கையில் கியர், வலப்பக்கச் சாலை, வேற்று மொழிப் பலகைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூளை தாங்காது.

பதிவுச் சீட்டில் எந்த மாடல் போட்டிருந்தாலும் "அல்லது அதற்கு இணையானது" என்ற சொல் கூடவே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று நம்பிப் போனால் அந்த அளவில் வேறு எதுவும் வரலாம். மாடல் உறுதி வேண்டுமென்றால் அதற்கென்று தனி வகை இருக்கிறது, வாடகை கூடும். சக்திமிக்க கார்களுக்குக் குறைந்தபட்ச வயதும், உரிமம் எடுத்து எத்தனை ஆண்டாகிறது என்ற நிபந்தனையும், சில வகைகளுக்கு இரண்டு கிரெடிட் கார்டும் கேட்பார்கள். காப்பீட்டில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராத மூன்று இவைதான். இருட்டிய நிறுத்தத்திலிருந்து காரை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரங்களின் விளிம்பையும் பம்பரின் கீழ்ப் பக்கத்தையும் வீடியோ எடுங்கள்.

சக்கர விளிம்பைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்து, காரின் உடம்பை இடப்பக்கமாகக் கணக்குப் போடுகிறார். அதே கணக்கோடு இடப்பக்கம் உட்கார்ந்தால், தன் உடம்பைப் பழகிய இடத்தில் வைக்கும்போது கார் முழுதும் தடத்தின் வலது விளிம்பைத் தாண்டிப் போய்விடும். வலது பக்கக் கண்ணாடி நிறுத்திய கார்களில் உரசுவதும், வலது சக்கரங்கள் நடைமேடைக் கல்லில் தேய்வதும் இதனால்தான். மருந்து எளிது: உங்கள் இடது தோள் சாலையின் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் வலது கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, வெள்ளைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று பார்த்துப் பழகுங்கள்.

தவறு நடப்பது முதல் ஒரு மணி நேரத்தில் இல்லை. அப்போது விழிப்பாக இருப்போம். மூன்றாம் நாள், ஆள் இல்லாத பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாக இடப்பக்கத்துக்குத் திருப்பும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்.

நம்மவர்கள் அறியாத விதிகளில் ஆபத்தானது, வலமிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்பது. குடியிருப்புத் தெருக்களில் பலகையே இல்லாத சந்திப்புகளில், வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டி நிற்காமல் வரும். நிற்க வேண்டியவர் நீங்கள். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. மஞ்சள் ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டிய நொடியில் வரம்பு 50. தனியாக 50 பலகை இருக்காது. ஊருக்கு வெளியே 100. ரவுண்டானாவில் நுழையும்போது இண்டிகேட்டர் போடக் கூடாது, வெளியேறும்போது போட வேண்டும். ஊருக்குள் 31 கி.மீ. கூடுதல் வேகத்தில் கேமராவில் சிக்கினால் 260 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கும் ஆப்பை ஓட்டும்போது பயன்படுத்துவதும் குற்றம்.

நீல நிற நிறுத்த அட்டை ஒன்று காரில் இருக்கும், கடிகார முள் போல் சுழற்றுவது. நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணியில் முள்ளை வைக்க வேண்டும்: 10:10-க்கு வந்தால் 10:30. தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டுப் போனால், இலவச நிறுத்தத்திலேயே அபராதச் சீட்டு காத்திருக்கும்.

ஞாயிறு காலை, ஆட்டோபான்

லாரிகள் இல்லாத ஞாயிறு விடியல்தான் ஆட்டோபான் எனும் விரைவு நெடுஞ்சாலைக்கு ஏற்ற நேரம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே ஸிங்கன் நோக்கிப் போகும் ஏ81 இதற்கு நல்ல தேர்வு. ஹெரன்பெர்க்கைத் தாண்டிய பிறகு வரம்பில்லாப் பகுதிகள் வரும், போக்குவரத்தும் குறையும், முடிவில் போடன் ஏரி.

ஆட்டோபான் வலையமைப்பில் சுமார் 70 விழுக்காட்டில் நிலையான வேக வரம்பு இல்லை. ஆனால் நகரங்களைச் சுற்றியும் பணி நடக்கும் இடங்களிலும் வரம்பு உண்டு. மின் பலகைகள் நேரத்துக்கு நேரம் மாற்றும். வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடுகள் தெரிந்தால் வரம்பு நீங்கியது என்று பொருள். அப்போதும் 130 என்ற பரிந்துரை வேகம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் அபராதம் இல்லை. ஆனால் விபத்து நேர்ந்தால், தப்பு அடுத்தவர் மேல் இருந்தாலும், இழப்பீட்டில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்ட இடமுண்டு.

வேகத்தைவிடக் கடினமானது பின்கண்ணாடி. 130-இல் போகும் நீங்கள் ஒரு காரைத் தாண்ட இடத்தடத்துக்கு வருகிறீர்கள். 220-இல் வரும் கார் 250 மீட்டர் பின்னால் புள்ளியாகத் தெரிகிறது. இருவருக்கும் வேறுபாடு மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். பத்து நொடியில் அது உங்கள் டிக்கியில் இருக்கும். எனவே கண்ணாடியை இரண்டு முறை பாருங்கள். இடையில் ஒரு நொடி விடுங்கள். இரண்டாம் பார்வையில் அந்த வெளிச்சம் பெரிதாகியிருந்தால் காத்திருங்கள். தாண்டியதும் வலத்தடத்துக்குத் திரும்பியாக வேண்டும். அது மரியாதை மட்டுமல்ல, சட்டம். வலப்பக்கமாக ஓவர்டேக் செய்யவே கூடாது.

180-இல் கார் நொடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதன் பிறகு முழு பிரேக்கில் நிற்க சுமார் 160 மீட்டர். மொத்தத்தில் இரண்டு கால்பந்து மைதான நீளம். முன்னால் போகும் காருக்கு விட வேண்டிய இடைவெளிக்கு ஜெர்மானியர்களின் கணக்கு: வேகமானியில் காட்டும் எண்ணில் பாதி, மீட்டரில். 140 என்றால் 70 மீட்டர். குளிர்கால டயர் போட்ட வண்டி என்றால் டேஷ்போர்டில் 190 அல்லது 210 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். அது அந்த டயர் தாங்கும் வேகம்.

நெரிசலில் வண்டிகள் ஊரத் தொடங்கியதும், நிற்பதற்கு முன்பே, ஆம்புலன்ஸுக்கு வழி உருவாக்க வேண்டும்: இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க, மற்ற எல்லாத் தடத்தாரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். செய்யாவிட்டால் 200 யூரோ முதல் அபராதமும் ஒரு மாதத் தடையும். எரிபொருள் தீர்ந்து ஓரத்தில் நிற்பதும் தவிர்த்திருக்கக்கூடிய குற்றமாகவே கருதப்படும். அதிவேகத்தில் பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். ஆட்டோபான் ஓரத்து பங்குகளில் விலை அதிகம். ஒரு வெளிவழியில் இறங்கி ஆட்டோஹோஃப் எனும் இடங்களில் நிரப்புங்கள். முதலில் நீங்களே நிரப்பிவிட்டு, பம்ப் எண்ணை நினைவில் வைத்து உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். குழாயிலும் மூடியிலும் பெட்ரோலுக்கு வட்டமும் டீசலுக்குச் சதுரமும் போட்டிருக்கும், நிறத்தை நம்பாதீர்கள்.

பலகைகளில் நான்கு சொற்கள் போதும். ஆவுஸ்ஃபார்ட் என்றால் வெளிவழி, ஊரின் பெயர் இல்லை. உம்லைட்டுங் என்றால் மாற்றுப்பாதை. ஷ்டௌ என்றால் நெரிசல். அன்லீகர் ஃப்ரை என்றால் அங்கே வேலை இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. வழிகாட்டி ஆப் அந்த வழியே போகச் சொன்னாலும் போகக் கூடாது.

திங்கட்கிழமை இப்போது வருகிறது. அதைக் கருங்காட்டுக்குக் கொடுங்கள். பிராய்டன்ஷ்டாட்டிலிருந்து பாடன்-பாடன் வரை பி500 மலைச்சாலை, சுமார் 60 கி.மீ., ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டி ஓடுவது. வார இறுதியில் பைக்குகளும் சுற்றுலாக் கார்களும் அடைத்துக்கொள்ளும் சாலை. திங்கள் காலை அது உங்களுடையது. வேக வரம்புகள் அடிக்கடி மாறும், கேமராக்களும் உண்டு. ஆனால் இங்கே சுகம் வேகத்தில் இல்லை, 70-இல் சீராக விரியும் நீண்ட வளைவுகளில் இருக்கிறது.

பெர்தா ஓட்டிய பாதை

1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரோடும் மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். விஸ்லோக்கில் மருந்துக் கடைக்காரரிடம் லிக்ரோயின் எனும் பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையை இன்றும் காட்டுகிறார்கள். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துக்கொண்டார்.

அந்தப் பாதை இன்று நினைவுச் சாலை. போக வர 194 கி.மீ., வழியெங்கும் பலகைகள் உண்டு. கார்ப் பித்தர்களுக்கு ஜெர்மனியில் இதைவிட அருமையான ஒரு நாள் இல்லை என்போம். ஒரு நாளை முழுதாகக் கொடுங்கள். லாடன்பர்கில் பென்ஸின் பழைய ஆலையிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. வாரத்தில் சில பிற்பகல்களில் மட்டுமே திறக்கும் என்பதால் அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்திலேயே ஸின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகம், ஆண்டின் 365 நாளும் திறந்திருப்பது. கூரைமேல் ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானங்களான கான்கார்டும் சோவியத் து-144-உம் நிற்கின்றன, இரண்டிலும் ஏறலாம். உள்ளே 1970-இல் மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தைத் தாண்டிய ராக்கெட் கார் புளூ ஃபிளேம். மழை பெய்யும் நாளுக்கு இதைக் கைவசம் வைத்திருங்கள். கான்கார்டைக் காட்டினால் காரில் ஆர்வமில்லாத குடும்பத்தாரும் மன்னிப்பார்கள்.

பச்சை நரகம்

நூர்புர்க்ரிங்கின் பழைய வளையம்தான் வடக்கு வளையம், நோர்ட்ஷ்லைஃபெ, 1927-இல் திறந்தது, 20.8 கி.மீ. நீளம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 300 மீட்டர் வேறுபாடு. பந்தய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் வைத்த பெயர்தான் பச்சை நரகம். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லாவ்டா காரோடு தீயில் சிக்கியது பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால். பொதுமக்களுக்குத் திறக்கும் நேரத்தில் இது சட்டப்படி ஒரு கட்டணச் சாலை. ஒரு சுற்று 30 யூரோ அளவில், வார இறுதியில் சற்றுக் கூடுதல். ஜெர்மன் சாலை விதிகள் அப்படியே பொருந்தும்: இடப்பக்கம் மட்டுமே ஓவர்டேக், நேரம் அளக்கத் தடை, படம் பிடிக்கத் தடை.

விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் காரை இங்கே ஓட்டாதீர்கள். ஒப்பந்தத்தில் தெளிவாகத் தடை இருக்கும். காப்பீடு முழுதும் போய்விடும். சேதக் கணக்கில் உங்கள் கார் ஒரு பகுதிதான். இரும்புத் தடுப்பு எத்தனை மீட்டர் வளைந்ததோ அத்தனைக்கும் விலை, இழுவை வண்டி, மீட்புக் குழு, பாதையை மூடி வைத்த நேரத்துக்குக் கட்டணம் எல்லாம் தனித்தனிச் சீட்டாக வரும். எண்ணெய் சிந்திவிட்டு நிற்காமல் போய், அதில் பின்னால் வந்தவர் வழுக்கி விழுந்தால் அதற்கும் நீங்களே பொறுப்பு.

நூர்புர்க் கிராமத்தில் இதற்கென்றே கார் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சக்தி குறைந்த, முன்சக்கர இயக்கமுள்ள சிறிய காரை, இரண்டு அல்லது நான்கு சுற்றுக்கு எடுங்கள். அவர்களிடமும் விபத்தில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை பெரிது. கையெழுத்துக்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள். அதற்கும் முன்னால் ஒரு சுற்று, தேர்ந்த ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போங்கள். வீடியோ கேமில் எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் மேடு பள்ளத்தின் கனம் திரையில் தெரியாது. ஃபுக்ஸ்ரோரெ பள்ளத்தில் கார் அமுங்கும்போது வயிறு இறங்குவதை உடம்பு ஒருமுறை அறிய வேண்டும். அதை அடுத்து வரும் ஆடனாவர் ஃபோர்ஸ்டில் புதியவர்கள் நேராகப் புல்லுக்குள் போவது வழக்கம். மேட்டுக்கு அப்பால் இருக்கும் இரண்டாவது திருப்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓட்டும்போது உங்கள் வேலையில் பாதி பின்கண்ணாடி. வேகமான கார் வந்தால் வலது இண்டிகேட்டரைப் போட்டு, வலப்பக்கம் ஒதுங்கி, ஒரே வேகத்தில் போங்கள். நடுவில் திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். மஞ்சள் கொடி கண்டால் வேகத்தைக் குறைத்து, எதிரே கார் குறுக்கே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு போங்கள். இருபது கிலோமீட்டர் நீளம் என்பதால் புறப்படும் இடத்தில் வெயிலும் பிரைட்ஷைடில் மழையும் ஒரே சுற்றில் கிடைக்கும். மரநிழலில் ஈரம் மதியம் வரை காயாது.

இரண்டாவது சுற்றில்தான் பிரேக் கைவிடும். தொடர்ந்து இறக்கத்தில் அழுத்தியதால் பிரேக் ஆயில் கொதித்து, அதில் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும். ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்தி ஆறவிடுங்கள். ஆறும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்துங்கள். கொதிக்கும் பேட், டிஸ்க்கை இறுகப் பிடித்தபடியே ஆறினால் டிஸ்க் கெடும்.

ஓட்டாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் இன்னும் நல்லது. ப்ரூன்ஷென் வளைவுக்குப் பக்கத்திலேயே வாகன நிறுத்தம் உண்டு. கார் நிறுவனங்கள் சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் வார நாட்களில் போனால், கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டி உருமறைத்த, இன்னும் வெளியாகாத கார்கள் சுற்றுக்குச் சுற்று உங்கள் முன்னால் ஓடும். சீட்டு வாங்க வேண்டியதில்லை. மாலையில் அதே கார்களைக் கிராமத்து பெட்ரோல் பங்கில் நின்றபடி பார்க்கலாம். வளையத்தின் முதல் திருப்பத்துக்கு இப்போது சபீன ஷ்மிட்ஸின் பெயர். நூர்புர்க் 24 மணி நேரப் பந்தயத்தை 1996-இலும் 1997-இலும் வென்றவர், இந்த ஊர்ப் பெண், 2021-இல் மறைந்தார். அந்தப் பந்தயம் நடக்கும் வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் ஓர் அறைகூடக் கிடைக்காது. பார்க்கவே வருகிறீர்கள் என்றால் ஓராண்டு முன்பே பதியுங்கள், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

நூர்புர்க்குக்கு ரயில் இல்லை. கார் நாட்களைக் கடைசியில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிருந்து பிராங்க்பர்ட் விமான நிலையம் இரண்டு மணி நேரம். பணிகளும் நெரிசலும் இருக்கும் என்று எண்ணி மூன்றரை மணி நேரம் வையுங்கள். காரைத் திருப்பும்போது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டேங்க்கை நிரப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். சாவிப் பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தால், எடுத்தபோது எடுத்த அதே வீடியோவைத் திரும்பவும் எடுங்கள். கார்டில் முடக்கிய தொகை விடுபட இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கேமராவில் சிக்கியிருந்தால், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணம் முதலில் கார்டில் ஏறும். அபராதக் கடிதம் அதற்கப்புறம், சில வேளை மாதங்கள் கழித்து, வீட்டுக்கு வரும்.